யார் வீட்டுக் கல்யாணம்?

சிவகாசி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று உன் விடுதிப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போனில் பேசினால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உன் எண்ணைப் பார்த்தாலே எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குக் கை பின்வாங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். நம் குடும்பக் குரூப்பில் உன் எண்ணிலிருந்து ஒரு ஃபைல் வந்து விழுந்தது. 'கல்யாணப் பத்திரிகை' என்று பெயர். கீழே, "அனைவரும் குடும்பத்துடன் அவசியம் வரவும்." ஐந்தே நிமிஷத்தில் என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆச்சி கேட்கிறாள்: "பையன் இன்னும் படிச்சே முடிக்கல, அதுக்குள்ள யாருடா பொண்ணு?" உன் சின்னத் தாத்தா பெண் வீட்டார் எந்த ஊர் என்று விசாரிக்கிறார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஃபைலின் பெயரைக் கடைசி எழுத்துவரை படித்தேன். ஒரு புள்ளி வைத்து ஏ.பி.கே. என்று முடிந்திருந்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பத்திரிகை வடிவமைத்துச் சாப்பிடுகிறவன் நான். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து கோரல்டிரா காலம்வரை எத்தனை ஆயிரம் மணமக்கள் பெயரை இந்த விரல்கள் தட்டியிருக்கும். பத்திரிகை ஜேபெக்காகப் போகும், பிடிஎஃப்பாகப் போகும், இப்போது பாட்டுப் போட்ட வீடியோவாகவும் கேட்கிறார்கள். ஏ.பி.கே.யாக ஒரு பத்திரிகையை நான் அனுப்பியதும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. அது ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியைக் கொண்டுவந்து இறக்கும் மூட்டை. பத்திரிகை வைக்க வந்தேன் என்று சொல்லி, ஓர் ஆளைப் பெட்டி படுக்கையோடு வீட்டுக்குள் குடியேற்றிவிட்டுப் போவது மாதிரி.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தாய். திங்கள் கூப்பிட்டேன், செவ்வாய் கூப்பிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் அறைத்தோழன் போனிலிருந்து நீயே பேசினாய், குரல் உள்ளே போய். சனி ராத்திரி உன் வகுப்புப் பையன் எண்ணிலிருந்து அதே ஃபைல் உனக்கு வந்திருக்கிறது, திறந்திருக்கிறாய். ஞாயிறு விடிகாலை உன் கணக்கிலிருந்து 23,600 ரூபாய் போயிருக்கிறது. விடுதிக்கும் தேர்வுக்கும் கட்டச் சொல்லி உன் அம்மா சீட்டு எடுத்து அனுப்பிய பணம்.

ஏமாந்ததற்காகத் திட்டுவதற்கு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஞாயிறுக்கும் புதனுக்கும் நடுவில் நீ வாயைத் திறக்காமல் கிடந்தாயே, அந்த மூன்று நாளைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

ஆனாலும் ஏமாந்த கதையை முதலில் முடித்துவிடலாம். உன்னைவிடப் பெரியவர்களெல்லாம் இதில் விழுந்திருக்கிறார்கள். நீ பிறப்பதற்கு முன்னால், 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, உலகம் முழுக்க மின்னஞ்சலில் ஒரு காதல் கடிதம் வந்தது. தலைப்பு 'ஐ லவ் யூ'. கூடவே ஒரு ஃபைல். பெயர் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிகிற மாதிரி தெரியும். சும்மா எழுத்துக் கோப்பு என்று நினைத்துக்கொள்வோம். அதற்கும் பின்னால் 'வி.பி.எஸ்.' என்று இன்னொரு வால் இருந்தது. அது நிரல் என்பதைக் காட்டும் வால். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை இயல்பாகவே மறைத்துத்தான் காட்டும். பார்க்க அழகாக இருக்கும் என்று செய்த வேலை, திருடனுக்கு முகமூடி தைத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர்கள் பெயரிலேயே காதல் கடிதம் போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைத்தது. எழுதியவர் மணிலாவில் படித்த ஓனெல் டி குஸ்மான் என்ற இளைஞர். பிறர் இன்டர்நெட் பாஸ்வேர்டை எடுக்கும் நிரலையே ஆய்வுத் திட்டமாக எழுதிக் கொடுத்து, கல்லூரி அதை நிராகரித்திருந்தது. ஆளைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் இந்தக் குற்றத்துக்கு அன்றைக்குப் பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை, விட்டுவிட்டார்கள். சட்டம் அதற்குப் பிறகு வந்தது.

அன்றைக்குக் காதல் கடிதம், இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை. இந்த மாதிரிக் கூட்டம் போக்குவரத்து அபராத ரசீது என்றும், வங்கியில் கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும் என்றும் பெயர் மாற்றி அனுப்புகிறது. சொந்தப் பெயரிலேயே வைரஸ் வந்த காலமும் உண்டு: 1986இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் 'பிரெய்ன்' என்று ஒரு வைரஸ் எழுதினார்கள். ஐ.பி.எம். பி.சி.யைப் பிடித்த முதல் வைரஸ் என்று அதைச் சொல்வார்கள். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைப் பிடிக்கச் செய்ததாம். இப்போது வருவதும் பெயரும் முகவரியுமாகத்தான் வருகிறது மாப்பிள்ளை. ஆனால் அது உன் பெயர், நீ மெரினாவில் எடுத்த உன் முகப்படம்.

அது எப்படி உன் பெயரில் வந்தது என்று புதன்கிழமை கேட்டாய். நம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து விளக்க வேண்டிய விஷயம், ஆனாலும் சொல்கிறேன். அந்தச் செயலி உள்ளே வந்ததும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்டிருக்கும். நீ 'அலவ்' என்று தட்டியிருப்பாய். பத்திரிகைக்கு எதற்கு எஸ்.எம்.எஸ்.? அந்தக் கேள்வி அப்போது வராது, ஏனென்றால் நாம் படத்தைப் பார்க்கும் அவசரத்தில் இருக்கிறோம். அனுமதி கிடைத்த நொடியிலிருந்து உனக்கு வரும் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவனுக்கும் போகும். அவன் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உன் எண்ணைப் போடுகிறான். ஆறு இலக்க எண் உனக்கு வருகிறது, அவன் படிக்கிறான். அவ்வளவுதான், வாட்ஸ்அப்பில் இனி அவன்தான் நீ. ஃபைல்களைப் பார்க்கவும் அனுமதி கொடுத்தாய் என்றாய். கேலரியில் உன் டெபிட் கார்டை முன்னும் பின்னுமாக எடுத்த படம் கிடந்தது. கல்லூரி அலுவலகத்தில் யாரோ கேட்டார்கள் என்று எடுத்தது. கார்டு எண், தேதி, பின்னாலிருக்கும் மூன்று இலக்கம், கூடவே ஓ.டி.பி. வேறென்ன வேண்டும் அவனுக்கு?

உன் கார்டுப் படத்தை அழி. அம்மாவின் ஆதார் படத்தையும் அழி. இதைப் படிக்கும்போதே.

இந்தச் செயலிகள் கேட்கும் இன்னொன்று 'அக்சசிபிலிட்டி'. பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், கை நடுங்குகிறவர்களுக்காகப் பொத்தானைத் தானே அழுத்தவும் ஆண்ட்ராய்டில் வைத்த வசதி. நல்ல மனசோடு கட்டிய படிக்கட்டு. அதில் ஏறி வந்தவன் உன் திரையை உனக்கு முன்னால் படிக்கிறான், உனக்குப் பதிலாகத் தட்டுகிறான். உனக்குத் தேவையில்லாத எந்தச் செயலிக்கும் அதைத் திறந்துவிடாதே. இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

ஒன்றைக் கேட்கிறேன், கோபப்படாதே. தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை ஆண்ட்ராய்டு சும்மா இறக்கிவிடாது. தடுக்கும், எச்சரிக்கும், செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பொத்தானைத் தள்ளச் சொல்லும். உனக்கு அந்தத் தடை வரவே இல்லை என்றாய். வராமல் இருந்திருக்கலாம். போன வருஷம் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஜி.பி. வாட்ஸ்அப் போட்டாயே, காசு கட்டாமல் கிரிக்கெட் பார்க்க ஏதோ ஒன்றை இறக்கினாயே, அப்போதே அந்தக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாய். திருடன் வந்தது சனிக்கிழமைதான், கதவு ஒரு வருஷமாகத் திறந்து கிடந்தது. 2019இல் 'ஏஜென்ட் ஸ்மித்' என்று ஒன்றைச் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இலவசச் செயலிகள் கொடுக்கும் ஒரு வெளிக்கடை வழியாகப் பரவி, போனில் இருக்கும் நிஜ வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு அதேபோல் இருக்கும் போலியை வைத்துவிடும். 2.5 கோடிப் போன்களில் புகுந்தது, அதில் ஏறக்குறைய 1.5 கோடி நம் நாட்டில். ஓசி என்றால் நமக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம்.

நான் மட்டும் யோக்கியனா? எங்கள் டி.டி.பி. கடைகளில் அன்றைக்கு ஓடிய விண்டோஸ், பேஜ்மேக்கர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாமே கிராக் செய்த சி.டி.யில் வந்தவை. ஓர் எழுத்துரு ஒரு கடைக்கு வந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவும், அதன் தோளில் உட்கார்ந்து வைரஸும் பரவும். அதில் எனக்கு நடந்ததை உன் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

2007 தீபாவளி முடிந்த சமயம். நம் ஊரில் அது காலண்டர் காலம், ராத்திரி பகல் கிடையாது. மூன்று அச்சகங்களுக்கு நான் பக்கங்கள் முடித்துப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் நிறம், அசல் ஃபோல்டர் படம். ஃபோல்டர் என்று நினைத்துத் தட்டினேன். அதற்கும் மறைந்த வால் இருந்தது: இ.எக்ஸ்.இ. டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லை. பென் டிரைவைச் செருகினாலே தானாக ஓடும்படி அதற்குள்ளும் ஒன்று போய் உட்கார்ந்துவிட்டது. அதே பென் டிரைவ் முதல் நாள்தான் மூன்று அச்சகங்களுக்கும் போய் வந்திருந்தது.

அந்த நிமிஷமே மூன்று பேருக்கும் போன் போட்டு, "அண்ணாச்சி, என் டிரைவில் வைரஸ் இருந்திருக்கு, மெஷினைத் தொடாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாடிக்கை போய்விடும் என்று பயம். 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' என்ற பெயர் போய்விடும் என்று அதைவிடப் பெரிய பயம். என் மெஷினை ஃபார்மட் அடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஓர் அச்சகத்தில் மொத்த ஜாப்பும் திறக்கவில்லை. அவர்களிடமிருந்து பிளேட் போடும் இடத்துக்குப் போயிருந்தது, அங்கிருந்து வேறு யார் யாருக்கோ. எங்கிருந்து ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்து என் கடைக்கு வந்து நின்றார்கள். பெரியவர் ஒருவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "திங்கக்கிழமையே தெரியுமாப்பா?" வைரஸ் வந்ததற்காக அவர் என்னை விடவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்ததற்காக விட்டார். அடுத்த இரண்டு சீசன் எனக்குக் காலண்டர் வேலையே வரவில்லை.

வெட்கம் நம்மைப்போல் சின்ன ஆட்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதே. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்திருப்பதை நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவான 'செர்ட்-இன்' 2019 செப்டம்பர் 4ஆம் தேதியே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. செய்தி வெளியே கசிந்தது அக்டோபர் கடைசியில். 29ஆம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வருகிறது: அதெல்லாம் பொய்ச் செய்தி. மறுநாள் 30ஆம் தேதி, அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை விடுகிறது: தீநிரல் இருந்தது உண்மைதான், ஆனால் உலையை இயக்கும் அமைப்புகள் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டவை, அவற்றுக்குப் பாதிப்பில்லை. அந்த இரண்டாவது அறிக்கையில் இருந்தது நல்ல செய்திதான். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் தென் மாவட்டங்களில் எத்தனை பேர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! முதல் நாள் இல்லை என்றுவிட்டதால், மறுநாள் சொன்ன உண்மையையும் டீக்கடையில் யாரும் நம்பவில்லை.

உன் மூன்று நாளுக்கு என்ன விலை என்று இப்போது பார். பணம் உன் கணக்கிலிருந்து போனதும் அவன் கைக்கு நேரே போய்விடுவதில்லை. யாரோ ஒரு கூலிக்காரர் பெயரில் திறந்த கணக்குக்குப் போகும், அங்கிருந்து நான்கைந்தாகப் பிரியும், பிறகுதான் ஏ.டி.எம்.மில் எடுப்பார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போட்டால் அந்த ஓட்டத்தை வங்கி வங்கியாகத் துரத்தி, நடுவில் எங்கே நிற்கிறதோ அங்கே முடக்கப் பார்ப்பார்கள். ஞாயிறு காலையே போட்டிருந்தால் பணம் அப்போது பாதி வழியில்தான் இருந்திருக்கும். புதன்கிழமை நாம் போட்டபோது கடைசிக் கணக்கில் மிச்சம் இருந்ததைத்தான் பிடிக்க முடிந்தது. எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

வங்கி விஷயத்தில் மட்டும் நூலிழையில் தப்பினாய். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லாமல், வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வெளியாள் செய்ததாக இருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் தலையில் நஷ்டம் விழாது என்கிறது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்புவரை நம் தலையில். உன் அலட்சியம்தான் காரணம் என்று வங்கி சொல்லலாம். அப்படியானால் நீ புகார் சொன்ன நிமிஷம்வரையிலான நஷ்டம் உன்னுடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. ஆனால் அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணிப் பார். உன் மின்னஞ்சல் வங்கிக்குப் போனது மூன்றாவது நாள் சாயங்காலம். அவர்கள் கொடுத்த புகார் எண்ணையும், 1930இல் கொடுத்த எண்ணையும் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வை. போனில் வைக்காதே.

போனை முழுக்க அழித்துப் புதிதாக்கிவிட்டாய் என்று உன் அறைத்தோழன் சொன்னான், நல்லது. அதற்கு முன்னால் பாஸ்வேர்டு எதையாவது மாற்றியிருந்தால் அதையும் அவன் பார்த்திருப்பான். எல்லாவற்றையும் மறுபடி மாற்று. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பின் எண் போடு, அது குறுஞ்செய்தியில் வராது. பிளே ஸ்டோரில் இருந்து இறக்கினால் பயமில்லை என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்பு: 'ஜோக்கர்' என்ற ஒரே தீநிரல் குடும்பத்துச் செயலிகளாக 1,700ஐத் தன் கடையிலிருந்து நீக்கியதாகக் கூகுளே 2020 ஜனவரியில் சொன்னது. டார்ச் லைட் செயலி உன் தொடர்பு எண்களைக் கேட்டால், எதற்கு என்று கேட்கும் புத்தி நமக்குத்தான் வேண்டும். அப்டேட் வந்தால் 'நாளைக்கு' என்று தள்ளாதே. 2017 மே 12ஆம் தேதி 'வானாக்ரை' என்ற தீநிரல் வந்தபோது யாரும் எதையும் தட்டவே வேண்டியிருக்கவில்லை, தானாகவே மெஷினிலிருந்து மெஷினுக்குத் தாவியது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்களே தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

உன் சின்னத் தாத்தா கதையைச் சொல்ல மறந்தேன். அவரும் உன் பத்திரிகையைத் தட்டியிருக்கிறார், மூன்று தடவை. குட்மார்னிங் படங்களாலும் முருகர் வீடியோக்களாலும் போன் நிரம்பி வழிவதால் 'இடம் இல்லை' என்று சொல்லிவிட்டதாம். முருகன் காப்பாற்றினான் என்கிறார். தொழில்நுட்பப்படி அது சரிதான்.

பெரியம்மா விஷயம் அப்படியில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் குரூப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாளைக்கு இருபது மெசேஜ் போடுகிறவள். நேற்று நேரில் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "நான் எதுக்குடா அதையெல்லாம் தொடப்போறேன்" என்று பேச்சை மாற்றிவிட்டாள், ஆனால் போனை என் கையில் கொடுக்கவில்லை. பெரியப்பாவின் பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வருகிறது. நான் கேட்டால் கடைக்காரத் தம்பி கேட்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. நீ கேள். நீ தட்டியதையும், பணம் போனதையும், மூன்று நாள் போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்ததையும் முதலில் சொல்லிவிட்டுக் கேள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அறைத்தோழன் போனை வாங்கி அவள் வீட்டு லேண்ட்லைனுக்குப் போடு. மத்தியானம் பெரியப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போடு.

அன்புடன்,
மாமா